முதலாமாண்டு ஞானோதயம்

முதலாமாண்டு மாணவரின் ஆளுமை வளர்ச்சி பெரும்பாலும் அசைன்மென்ட் வைக்கும் நாளுக்கு முந்தைய இரவில் நிகழ்வது. நாமக்கல் கல்லூரிகளிலும் ஞானம் ஏ4 தாளில்தான் பிறக்கிறது. நாற்புறமும் பென்சில் கோடு, தலைப்புக்குப் பச்சை ஸ்கெட்ச். ‘இந்நூல் என்னையே புரட்டிப்போட்டது’ என்பது வழக்கமான முதல் வரி. புரட்டப்படாதது நூல்தான். விடுதிப் பள்ளியில் விடியுமுன் எழுந்து வினா-விடை உருப்போட்டு வந்தவருக்கு, ‘உன் கருத்தென்ன?’ என்பது சிலபஸில் இல்லாத கேள்வி; அதற்கும் நோட்ஸ் கேட்கிறார். (கிடைக்கவும் செய்கிறது.) நாமக்கல் கவிஞர் தம் வாழ்வை ‘என் கதை’ என்று எழுதினார். இங்கே ஒரே கதையை வகுப்பே எழுதுகிறது. பெயரும் பதிவெண்ணும் மட்டும் வேறு. மதிப்பெண்ணும் ஏறக்குறைய எல்லாருக்கும் ஒன்றுதான்.