கிடார் பாக்ஸுக்குக் குளிர்காலம்

வின்னிபெக், கனடா
ஜனவரி 18

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

"ஸ்பீக்கர் பாக்ஸைக் குளிர்ல வெளிய போட்டிருக்கியாமே, கோன் என்னத்துக்கு ஆகும்?" என்று போனில் கேட்டீர்கள். கல்யாணம், திருவிழா என்று மதுரை முழுக்க மைக் செட் கட்டியவர் நீங்கள். உங்களிடம் "ஒண்ணும் ஆகாது" என்று மழுப்ப முடியுமா? அதனால்தான் எழுதுகிறேன்.

வெளியே இல்லை, கராஜில் இருக்கிறது. ஆனால் அங்கே ஹீட்டர் கிடையாது. இந்த ஊரில் ஜனவரிச் சராசரியே மைனஸ் 16ஐ ஒட்டித்தான். சில இரவுகளில் மைனஸ் 30ஐத் தாண்டும். மைனஸ் 40 ஆனால் செல்சியஸும் பாரன்ஹீட்டும் ஒன்று. அமெரிக்காக்காரரும் கனடாக்காரரும் கணக்குப் போடாமல் ஒத்துப்போவது அந்த ஒரு புள்ளியில்தான். என்ஜின் உறையாமல் இருக்க ராத்திரி காருக்கே கரண்ட் கொடுக்கிறோம். முன்னால் ஒயர் தொங்குவதைப் பார்த்த என் மாமனார், ஊரில் எல்லாமே பேட்டரிக் கார் என்று நினைத்துப் பெருமைப்பட்டார்.

வீட்டுக்குள் வைக்க ஆசைதான். நான்கு 12 அங்குல ஸ்பீக்கர், 36 கிலோ. பேஸ்மென்ட்டில் இடம் கேட்டேன். அங்கே அரிசி மூட்டையும் கொலுப்படியும் இருக்கின்றன. "அரிசி சும்மா இருக்கும். உங்க பெட்டி இருக்குமா?" என்று உங்கள் மருமகள் கேட்டாள். தீர்ப்பு அவ்வளவுதான், மேல்முறையீடு இல்லை. நீல் யங் 1960களில் பள்ளிப் பையனாக பாண்ட் வைத்து வாசித்த ஊர் இது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் அம்மாவும் இதையே கேட்டிருப்பார் என்றாள்.

விஷயத்துக்கு வருகிறேன். வெறும் குளிர் பாக்ஸை ஒன்றும் செய்வதில்லை. உறைந்த காற்றில் ஈரமே கொஞ்சம்தான். ஐப்பசி அடைமழையில் கோன் காகிதம் நமுத்துப் பூஞ்சணம் பிடிக்குமே, அந்தத் தொல்லை இங்கே ஜனவரியில் இல்லை. ரெக்சின் விறைத்திருக்கும், முட்டினால் வெடிக்கும், அவ்வளவே.

வில்லங்கம் உள்ளே கொண்டுவரும்போதுதான். ஜிகர்தண்டா டம்ளர் வெளியே வியர்ப்பதுபோல, சூடான அறைக்குள் வந்ததும் பாக்ஸ் முழுக்க நீர் கோத்துக்கொள்ளும். எங்கள் பாண்டில் பேஸ் வாசிக்கும் பஞ்சாபி நண்பர் வேனிலிருந்து இறக்கிய கையோடு பிளக்கைச் செருகப் போனார். கம்பி வலை, திருகாணி, காந்தத்தின் பின்பக்கம் எல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். கச்சேரி தொடங்கும்வரை ஒரு துண்டோடு பாக்ஸுக்குப் பணிவிடை செய்தார்.

அதனால் வாசலிலேயே பிளாஸ்டிக் உறையால் இறுக்கி மூடி, அப்புறம்தான் உள்ளே எடுக்க வேண்டும். நீர் உறைமேல் படியும், பாக்ஸ்மேல் படியாது. ராத்திரி முழுக்க அப்படியே விட்டு, காலையில் பிரித்து, முதலில் மெதுவாக வாசிக்க வேண்டும். ஆனால் கராஜில் கிடக்கும் மாதங்களில் பிளாஸ்டிக் கூடவே கூடாது, ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். அங்கே துணி உறைதான். "பெட்டிக்கே ரெண்டு உடுப்பு, எனக்கு ஒரே ஜாக்கெட்" என்பது மருமகளின் புகார்.

உண்மையில் நான் பயப்படுவது மார்ச், ஏப்ரலுக்கு. பகலில் பனி உருகும், ராத்திரி உறையும். காரில் ஒட்டிவந்த சாலை உப்பு கரைந்து தண்ணீராகத் தரையெல்லாம் ஓடும். கான்கிரீட்டில் வைத்த பாக்ஸின் அடிப்பலகை அதைக் குடித்து ஊதிவிடும். பலகைமேல் ஏற்றி வைத்திருக்கிறேன்.

வால்வு ஆம்ப்ளிஃபயரும் கிடாரும் மட்டும் வீட்டுக்குள். ஹீட்டர் காற்று மரத்தை உலர்த்தி வெடிக்கவைக்கும் என்பதால் கிடார் பெட்டிக்குள் ஈரம் கொடுக்கும் சின்னக் கருவி ஒன்று உண்டு. என் உதடு வெடித்ததற்கு வாசலின்தான்.

இனி எலி. குளிருக்கு ஒதுங்க இடம் தேடி கராஜுக்குள் வந்துவிடும். பின்பக்கம் திறந்த பாக்ஸ் கிடைத்தால் குடும்பத்தோடு குடியேறி, கோன் காகிதத்தைக் கிழித்து மெத்தை போட்டுக்கொள்ளும். என்னுடையது மூடிய பாக்ஸ், இருந்தாலும் ஒயர் வெளியே இருக்கிறது. உங்கள் குடோனில் எலிக்கு என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். பூனை என்று மட்டும் சொல்லாதீர்கள். இங்கே அது ஏப்ரல்வரை சோபாவை விட்டு இறங்காது.

உங்கள் அன்பு மகன்