தொந்தரவில்லாத பாட்டிகள்

தூத்துக்குடியில் முத்துச் சலாபம் நடந்த காலத்தில் குளியாளி அள்ளி வந்த சிப்பியை எண்ணி, பங்கு பிரித்து, ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டது சர்க்கார். உள்ளே முத்து இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் கணக்கு உண்டு. இன்று துறைமுகத்தில் கண்டெய்னருக்கு ஓர் எண், அதன் சீலுக்கு இன்னோர் எண். முதியோர் இல்லத்துப் பாட்டி ராத்திரி எட்டு மணிக்கு விழுங்கும் மாத்திரைக்கு? "டாக்டர் எழுதினதுதாம்மா." எந்த டாக்டர், எந்த வருஷம், எந்த நோய்க்கு? கேட்பவருக்கு வேறு வேலை இல்லை போல.

2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் ஆதரவற்றோர் இல்லமான அன்பு ஜோதி ஆசிரமத்தின் கதவு திறந்ததே, உயர் நீதிமன்றத்துக்கு ஆட்கொணர்வு மனு போன பிறகுதான். 140-க்கும் மேற்பட்டோரை மீட்டார்கள். உரிமம் இல்லாமல் பல ஆண்டு நடந்த இடம். பெயரில் மட்டும் அன்பும் இருந்தது, ஜோதியும் இருந்தது. அடி, பாலியல் வன்கொடுமை, மயங்கிக் கிடக்க மருந்து என்று குற்றச்சாட்டுகள். காணாமல்போன ஆள் எங்கே என்றால், பெங்களூருக்கு அனுப்பிவிட்டார்களாம். ஆளுக்கே ரசீது இல்லாத இடத்தில் மாத்திரைக்கு ரசீது கேட்பது அதிகப்பிரசங்கித்தனம்தான்.

அமெரிக்கர்கள் சற்று உழைப்பாளிகள். அங்கே இல்லத்தில் இருப்பவர் ஒவ்வொருவருக்கும் மதிப்பீட்டுப் படிவம் உண்டு. ஆளை மயக்கிப் போடும் மனநோய் மருந்து கொடுத்தீர்களா என்று அதில் ஒரு கட்டம். பலருக்குக் கொடுத்தால் இல்லத்தின் தரப்புள்ளி குறையும். மனச்சிதைவு நோயாளிக்குக் கொடுத்தால் குறையாது. அவ்வளவுதான், இளம் வயதில் எட்டிப் பார்க்காத மனச்சிதைவு எண்பது வயதில் படிவத்தில் வந்து ஒட்டிக்கொண்டது! இந்தப் பொய்யைத் தணிக்கை செய்யப்போவதாக அந்நாட்டு அரசு அறிவித்தது, விழுப்புரத்துக்கு ஒரு மாதம் முன்பு, 2023 ஜனவரியில். பாவம், பொய் எழுதவாவது அவர்களிடம் ஒரு தாள் இருந்தது. நமக்கு அந்தச் செலவும் மிச்சம்.

சட்டம் இல்லாமலா? 2007-இன் மூத்த குடிமக்கள் சட்டம், 19-ஆம் பிரிவு, முதியோர் இல்லங்களில் மருத்துவத்துக்கும் பொழுதுபோக்குக்கும் மாநில அரசு தரம் வகுக்கலாம் என்று ஒரே மூச்சில் சொல்கிறது. பொழுதுபோக்கை நிறைவேற்றிவிட்டோம், கூடத்தில் டிவி ஓடுகிறது. அதன் முன்னால் தலை தொங்கிக் கிடப்பவர்களை யாரும் எண்ணவில்லை.

துபாயிலிருந்து மகன் கூப்பிடுகிறான். "அம்மா நல்லாத் தூங்குறாங்க சார், தொந்தரவே இல்ல." மகனுக்கு நிம்மதி. நிர்வாகிக்கு ராத்திரி ஆயாவின் சம்பளம் லாபம். ஆய்வுக்கு வரும் அதிகாரிக்கோ, மனு கொடுக்க ஒருவர்கூட விழித்திருக்கவில்லை.