மார்க் குறைந்த தம்பிக்கு

தம்பி, பி.எஸ்சி. விலங்கியலை நாலு அரியரோடு இழுத்துப்பிடித்து முடித்துவிட்டு, அமெரிக்கா போய்ப் போடியாட்ரி, அதாவது கால் மருத்துவம், படிக்கப்போகிறேன் என்கிறாயாம். பலே! "ஒழுங்கா படிக்கலைன்னா ஷூ கம்பெனிக்குத்தான் போவே" என்பது ஆம்பூர்ப் பிள்ளைகள் காது புளிக்கக் கேட்ட சாபம். நீ ஷூவைத் தாண்டி உள்ளே இருக்கும் காலுக்கே போய்விட்டாய்.

விண்ணப்பத்துக்கு முன் கால் மருத்துவர் ஒருவர் கூடவே இருந்து அவர் வேலையைப் பார்த்திருக்க வேண்டும் என்பார்கள். ஆம்பூரில் யார் பின்னால் போய் நிற்பாய்? பேசாமல் ஷூ கம்பெனி ஸ்டிட்சிங் லைனில் நில். ஐரோப்பியக் காலின் அளவெல்லாம் அங்கிருக்கும் அக்காவுக்கு அத்துப்படி. அப்படியே மேசைக்கு அடியிலும் பார். வார் அறுந்து ஊக்கு குத்திய ரப்பர் செருப்பு. நகம் புதைந்து வீங்கிய பெருவிரல். அந்த விரலைக் காட்ட அரைநாள் லீவு போட்டால் சம்பளம் போய்விடும். தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தண்ணீரில் நின்று வெடித்த பாதங்களையும் எட்டிப் பார்த்துவிட்டு வா. இதைவிடப் பெரிய பயிற்சியை எந்த அமெரிக்கக் கிளினிக்கும் தராது. சான்றிதழில் கையெழுத்துப் போடத்தான் ஆள் இல்லை.

அடுத்து, ஏன் இந்தப் படிப்பு என்று ஒரு கட்டுரை. "சிறுவயது முதலே பாதங்கள் என்னை ஈர்த்தன" என்று கன்சல்டன்சிக்காரர் எழுதித் தருவார். அதைக் கிழித்துப்போட்டு, ஆங்கிலேய டாக்டர் பால் பிராண்டைப் பற்றி எழுது. 1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். பள்ளி முடித்ததும் லண்டனில் தச்சும் கட்டட வேலையும் பழகினார், மருத்துவம் அதற்கப்புறம்தான். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயில் விரல் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாமல் அடிபட்டு அடிபட்டே அழிகிறது என்று இங்கேதான் நிறுவினார். மரத்த பாதத்துக்கு மருந்தைவிட முக்கியம் சரியான செருப்பு என்று மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்புகள் வேலூரிலும் காட்பாடிக்குப் பக்கத்துக் கரிகிரியிலும் உருவாயின. 1966-ல் அவர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது அந்த அறிவும் கூடவே போனது. சர்க்கரை நோயாளியின் பாதப்புண்ணை மாவுக்கட்டுப் போட்டு ஆற்றும் முறையை அந்த நாட்டில் பரப்பியவர் அவர்தான். நீ லட்சலட்சமாகக் கடன் வாங்கிப் படிக்கப்போவது, காட்பாடிக்குப் பக்கத்தில் கண்டுகொண்ட பாடத்தை!

அதே பிராண்ட் இன்று வந்து, "இத்தனை வருஷம் கொத்து வேலை பார்த்தேன், இப்போது டாக்டராக வேண்டும்" என்றால், நம்மவர்கள் நீட் மார்க் கேட்டு வாசலோடு அனுப்பிவிடுவார்கள். தகுதி, தம்பி, தகுதி! அதில் சமரசமே கிடையாது. ஆனால், 2023-ல் முதுநிலை மருத்துவ இடங்கள் காலியாகக் கிடந்தபோது, நீட் கட்-ஆஃப் பூஜ்ஜிய பர்சன்டைலுக்கு இறங்கியது. தேர்வு எழுதிய எவரும் தகுதியானவரே என்று ஒன்றிய அரசுக்கு ஒரே நாளில் ஞானோதயம். "அவர்கள்தான் ஏற்கெனவே எம்.பி.பி.எஸ். தேறியவர்களாயிற்றே" என்றார்கள். நல்லது, பிளஸ் டூ தேறிய பிள்ளைக்கு மட்டும் அந்த நியாயம் ஏன் செல்லாது?

சரி, படித்துவிட்டுத் திரும்பி வந்தால்? அந்தப் பட்டத்தைக் காட்டி இங்கே டாக்டராகப் பதிவு செய்ய முடியாது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிப் பேர் என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-ல் சொன்னது. பத்துக் கோடி ஜோடிக் கால்! ஆனாலும் கால் நமக்குக் கீழானது. தோலைத் தொடுகிறவர் அதற்கும் கீழ் என்று வைத்தோம். இப்போது மார்க்கையும் ஒரு சாதியாக்கி, படிக்கட்டில் இன்னொரு படி கட்டியிருக்கிறோம். தோல் ஏற்றுமதியில் வரும் டாலர் மட்டும் எந்தத் தீட்டும் இல்லாமல் பெட்டிக்குள் போகிறது.

தோலின் குணமும் தையலின் பிடியும் தெரிந்த ஆயிரமாயிரம் கைகள் இந்தப் பாலாற்றங்கரையில் இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கால் மருத்துவம் சொல்லித்தர ஆம்பூரில் ஒரு கல்லூரி கேட்டால், "தரம் என்னாவது?" என்று பதறுவீர்கள். ஐயாமாரே, பூஜ்ஜியத்துக்குக் கதவைத் திறந்த அன்று அந்தத் தரம் எந்த ஊருக்குப் போயிருந்தது?