கட்டாவும் பாண்டியும்: ஓர் ஒப்பாய்வு
(முதற்பகுதி, இரண்டாம் பகுதி எழுதப்படமாட்டாது)

ஆய்வின் தேவை

கராத்தே பற்றி நூல்கள் உண்டு. நாட்டுப்புற விளையாட்டுகள் பற்றியும் உண்டு. இரண்டையும் ஒரே அலமாரியில் அடுக்க வேண்டும் என்று இவ்வாய்வாளர் நெடுநாளாக எண்ணிவந்தார். நாற்பதைத் தாண்டியபின் வெள்ளை பெல்ட் கட்டிக்கொண்டது ஒன்றே அவருக்குள்ள தகுதி. இவ்வாய்வுக்கு நிதியுதவி ஏதும் பெறப்படவில்லை. மாறாக, மாதாமாதம் கட்டணம் செலுத்தப்பட்டது.

வரையறை

கட்டா என்பது, எதிரே இல்லாத எதிரியோடு முன்பே தீர்மானித்த வரிசையில் போடும் சண்டை. கராத்தேயின் ஷோட்டோகான் பிரிவில் முதற்பாடமான ஹெயான் ஷோடானில் 21 அசைவுகள். இடப்புறம் திரும்பிக் கீழே ஒரு தடுப்பு, ஓரடி முன்வைத்து ஒரு குத்து, பிறகு அப்படியே பின்பக்கம் திரும்பி மறுபடியும் தடுப்பு. இடையில் இரண்டு இடங்களில் அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். முடிவில் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்க வேண்டும்.

பாண்டி என்பது, தரையில் கட்டம் கிழித்து, ஓட்டாஞ்சில்லை எறிந்து, ஒற்றைக் காலில் தாண்டிப்போய்ப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்பது. நொண்டி, சில்லுக்கோடு என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். கோட்டை மிதித்தால் அவுட் என்பது மட்டும் மாறாது.

கருதுகோள்: பெரியவர்கள் வெட்கப்படாமல் ஆடுவதற்காகச் சீருடை போர்த்திய பாண்டியே கட்டா.

சான்று 1: வரலாறு

ஹெயான் கட்டாக்களின் பழைய பெயர் பினான். மொத்தம் ஐந்து. அவற்றை அமைத்தவர் ஓகினாவாவின் அன்கோ இதோசு (1831–1915). கராத்தேயைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோனவர் அவர். அதற்காக 1908இல் பத்துக் குறிப்புகளோடு கடிதமே எழுதினார். பழைய கட்டாக்கள் பிள்ளைகளுக்குக் கடினம் என்பதால் எளிதாக்கிக் கொடுத்தவை இந்த ஐந்தும். அவருடைய மாணவர் கிச்சின் ஃபுனாகோஷி தொழிலால் பள்ளி ஆசிரியர். 1922இல் தோக்கியோவில் கராத்தேயைச் செய்து காட்டியவர். பினானை ஹெயான் ஆக்கியவரும் அவரே.

ஆக, இன்று தணிக்கையாளரும் வங்கி மேலாளரும் முகத்தை இறுக்கிக்கொண்டு செய்வது ஓகினாவாப் பள்ளிப் பிள்ளைகளின் பாடம். கருதுகோள் இங்கேயே நிறுவப்பட்டுவிட்டது. ஆயினும் ஆய்வேடுகளுக்குப் பக்கக் கணக்கு உண்டு என்பதால் தொடர்கிறோம்.

சான்று 2: ஒற்றைக் கால்

பாறைமேல் நிற்கும் கொக்கின் பெயரைத் தாங்கிய கங்காக்கு என்றொரு கட்டா உண்டு. ஒற்றைக் காலில் நின்றபடி உதைக்க வேண்டும் என்பதால் கருப்பு பெல்ட் எட்டியவர்களுக்கே அது கிடைக்கும். எட்டு வயதில் என் அக்கா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கட்டம் முழுக்க நொண்டியே போய், ஒற்றைக் காலிலேயே குனிந்து சில்லை எடுத்துக்கொண்டு திரும்புவாள். அவளுக்கு எந்த பெல்ட்டும் தரப்படவில்லை. மாலையில் அம்மா வாசல் தெளித்ததும் கோடுகளோடு சான்றிதழும் அழிந்துபோயிற்று.

சான்று 3: நினைவு இருக்கும் இடம்

ஹெயான் ஷோடானில் பதினான்காவது அசைவு எது என்று கேட்டால் வாய் திணறும். முதலிலிருந்து ஆடவிட்டால் கால் சொல்லிவிடும். இதைச் சரிபார்க்க, அம்மாவின் கையில் ஐந்து சொட்டாங்கல் கொடுக்கப்பட்டது. “எல்லாம் மறந்துபோச்சுப்பா” என்று சொல்லிக்கொண்டே ஒரு கல்லை மேலே போட்டு, கீழே கிடந்த நான்கையும் வாரி, விழுந்த கல்லையும் பிடித்துவிட்டார். “எப்படிம்மா?” என்று கேட்டதும் அடுத்த கல்லைத் தவறவிட்டார். எங்கள் மாஸ்டர் சொல்வதும் இதுவே: “யோசிக்காதீங்க சார். யோசிச்சா தப்பும்.”

சான்று 4: களஆய்வு

களம்: மொட்டைமாடி. தகவலாளி: வடகம் காயப்போட வந்த கீழ்வீட்டுப் பாட்டி. அவர் எழுப்பிய வினா: “யாரைப்பா அடிக்கிற? ஒருத்தரையும் காணோமே!”

சிறுவயதில் சினிமா பார்த்த மறுநாள், தென்னை மட்டையைச் சுழற்றி வேப்பமரத்தடியில் பத்துப் பேரை வீழ்த்தியபோது இக்கேள்வியை யாரும் கேட்டதில்லை. பிள்ளைகளுக்குக் கற்பனை எதிரி இருப்பது இயல்பு; பெரியவர்களுக்கு இருந்தால் வீட்டில் கவலைப்படுவார்கள். அந்தக் கவலையைத் தீர்க்கும் அனுமதிச்சீட்டுதான் வெள்ளைச் சீருடை. இவ்வாய்வின் மையக் கண்டுபிடிப்பு இதுவே.

மறுப்பும் விடையும்

கட்டா விளையாட்டன்று, ஒவ்வோர் அசைவுக்கும் பயன் சொல்லும் பங்காய் என்ற விளக்கமுறை உண்டு என்பர். ஓகினாவாவின் ரியோ கியுனா 2021இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் கட்டாவுக்குத் தங்கம் வென்றதையும் காட்டுவர். உண்மை. ஆனால் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கராத்தே இல்லை, பாண்டியும் இல்லை. ஆகவே தற்போது இரண்டும் சமநிலை.

ஒரு வேறுபாட்டை மட்டும் மறைக்க இயலாது. பாண்டியில் “கோட்ட மிதிச்சிட்ட”, “மிதிக்கல” என்ற வழக்கு உண்டு. ‘அம்பேல்’ சொல்லி நடுவில் நிறுத்தலாம். மறுநாள் பேசாமல் இருக்கலாம், அதற்கு மறுநாள் பேசலாம். கட்டாவின் எதிரியோ வழக்காடுவதில்லை, கோபித்துக்கொள்வதும் இல்லை. கூட ஆட ஆள் கிடைக்காத வயதுக்கு அவன் ஏற்ற துணை. விளையாட்டு என்ற அளவில், பாண்டியே உயர்ந்தது என்று தீர்ப்பளிக்கப்படுகிறது.

பரிந்துரை

பெரியவர்கள் தாராளமாகக் கட்டா பழகலாம். மூட்டுவலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்க. பாண்டி ஆட ஓர் ஆள் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலான இடம் போதும். ஆய்வுக்காலத்தில் எங்கள் தெருவில் அந்த இடங்களில் எல்லாம் பைக்குகள் நின்றன. உங்கள் வீட்டு வாசலில் ஒரு பிள்ளை சுண்ணாம்புக்கட்டியோடு வந்து நின்றால், வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள்.