மேல்மூடி வாஷிங் மெஷின்: அடுக்கியலும் உரைமரபும்

மேல்மூடி வாஷிங் மெஷின் என்பது மேலே வாயும் கீழே வாலும் உடையது. வாய் வழியே துணியும் தண்ணீரும் உள்ளே போகும். வால் வழியே அழுக்குத் தண்ணீர் வெளியே வரும். இது முழுத் தானியங்கி, அரைத் தானியங்கி என இரு வகைப்படும். அரைத் தானியங்கியில் துவைக்க ஒரு தொட்டி, பிழிய ஒரு தொட்டி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் துணியை அள்ளிப் போடுபவர் இயந்திரத்தின் உறுப்பா, அதற்குப் புறம்பானவரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. புறம்பானவர் என்று வாதிடுவோர் அனைவரும் ஆண்கள். முன்வாய் மெஷின் இவ்வாய்வின் எல்லைக்குள் வராது. அதற்குக் குனிய வேண்டும்.

மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகிய மூன்றும் 2011 முதல் தமிழக அரசால் விலையின்றி வழங்கப்பட்டவை. வாஷிங் மெஷின் அந்த வரிசையில் சேர இருந்தது: 2021 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. அறிக்கையில் அது இடம்பெற்றது, அக்கட்சி ஆட்சிக்கு வரவில்லை. ஆகவே பெரம்பலூர், அரியலூர் மாவட்ட வீடுகளில் இன்று நிற்பவை ரொக்கமாகவோ தவணையாகவோ சீராகவோ வந்து சேர்ந்தவை. சீராக வந்த மெஷின் பழுதானால் அப்பழுது எந்த வீட்டாரைச் சேர்ந்தது என்ற கேள்வி பொறியியலின் பாற்படாது.

இத்துறையின் மூலநூல் மெஷினோடு வரும் கையேடு. மூலநூல் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அரியலூரில் சடகோபையங்காரிடமும், பெரம்பலூரை அடுத்த செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் தமிழ் படித்த பிள்ளை ஒருவர்தான் பின்னாளில் ஊர் ஊராகச் சுவடி தேடிய உ.வே.சாமிநாதையர் ஆனார். அதே மண்ணில் இன்று ஒரு வீட்டுக்குள்ளேயே கையேட்டைத் தேடிக் கண்டெடுக்க ஆளில்லை. கிடைத்த படிகளும் அலமாரித் தட்டில் விரிக்கப்பட்டு, எண்ணெய்க் கறை படிந்து, பழுது நீக்கும் பக்கம் மட்டும் கிழிந்த நிலையில் உள்ளன. மூலம் இல்லாத இடத்தில் உரைகள் செழிக்கும் என்பது எல்லாத் துறைக்கும் பொது. தற்போது வழக்கிலுள்ள உரைகள் மூன்று: மாடிவீட்டு உரை, எதிர்வீட்டு உரை, மெக்கானிக் உரை. முதலிரண்டும் இலவசம்.

நிறுத்தும் இடம் பற்றி: நான்கு காலும் தரையில் பட வேண்டும். குளியலறைத் தரை சரிவாக இருக்கும் என்பதால் காலைத் திருகி உயரம் சரிசெய்ய ஏற்பாடு உண்டு. அட்டையை மடித்துச் செருகுவது பிற்கால வழக்கு.

இனித் தண்ணீர். இவ்விரு மாவட்ட மெஷின்களின் நோய்முதல் நாட விரும்புவோர் பத்துக் கோடி ஆண்டுகள் பின்னால் போவது நல்லது. கிரிட்டேசியஸ் காலத்தில் இப்பகுதியின் பெரும்பகுதி கடலாக இருந்தது. பெரம்பலூரின் மேற்குப் பக்கம் கெட்டிப்பாறை. கிழக்கே போகப் போகக் கடல் படிவு. காரை ஓடைகளில் அம்மோனைட் என்னும் சுருள்சங்கு உயிரிகள் கல்லாகிக் கிடக்கின்றன. சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு மரமே கல்லாகக் கிடப்பதை இந்திய நிலவியல் துறையின் எம்.எஸ்.கிருஷ்ணன் 1940-இல் அறிவித்தார். அக்கடலில் வாழ்ந்து மடிந்தவற்றின் ஓடுகள் சேர்ந்து சுண்ணாம்புக்கல் ஆயின. அரியலூரைச் சுற்றிச் சிமென்ட் ஆலைகள் வந்ததற்கும் அதுவே காரணம். அரசு ஆலையே 1979-இல் தொடங்கியது. ஆலைகளுக்குப் போனது போக மிச்சம் போர் தண்ணீரில் வருகிறது.

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு இறங்கும்போது சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கிறது. அப்படிக் கரைந்த கால்சியம், தண்ணீர் காய்ந்தாலோ சலவைத்தூளிலுள்ள சோடா உப்பைச் சந்தித்தாலோ மறுபடி கல்லாகப் படிகிறது. மேல்மூடி மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்கு ஹீட்டர் கிடையாது. ஆகையால் கொதித்துப் படிவது குறைவு, காய்ந்து படிவதும் தூளால் படிவதுமே மிகுதி. கறுப்புப் பேண்டின் மேல் காணப்படும் வெள்ளைத் திட்டு, டைனோசர் காலத்துக் கடல்வாழ் உயிரினங்களின் எச்சம் என்று கொள்வதில் அறிவியல் தடை எதுவும் இல்லை. அதைச் சலவைத்தூள் சரியில்லை என்று மாடிவீட்டு உரைகாரர் கொள்வார்.

குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாவிடில் 600 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். மெஷினும் குடிக்கவே செய்கிறது. அதன் பொறுமையை யாரும் நிர்ணயிக்கவில்லை. கொள்ளிடத் தண்ணீர் வரும் நாளில் துவைப்பது சிறப்பு என்று எதிர்வீட்டு உரை கூறும். அன்று குடம் பிடிக்க வேண்டியிருக்கும் என்பதை அவ்வுரை கூறாது.

இன்லெட் பைப் மெஷினில் சேரும் இடத்தில் விரல் நுனியளவு வலை ஒன்று உண்டு. மெஷின் தண்ணீர் எடுக்கவில்லை, மணிக்கணக்காக எடுக்கிறது, நடுவில் நின்று கூவுகிறது ஆகிய குறைகளில் பெரும்பங்கு இவ்வலையில் மணலும் சுண்ணாம்புத் துகளும் அடைப்பதால் வருவது. குழாயை மூடி, பைப்பைக் கழற்றி, வலையை இடுக்கியால் இழுத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து மாட்டினால் சரியாகிவிடும். மேல்தொட்டி உயரம் போதாமல் அழுத்தம் குறைந்தாலும் இதே குறை தோன்றும். இவ்வளவு எளிய செய்தி என்பதால் இதைப் பற்றி எவரும் உரை எழுதவில்லை.

மாறாக, பல்சேட்டருக்கு அடியிலுள்ள படிவுகள் பற்றிய இலக்கியம் பரந்தது. பல்சேட்டர் என்பது டிரம்மின் அடியில் சுழலும் தட்டு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நடுமூடியை நெம்பி, ஒற்றைத் திருகைக் கழற்றி, இரு பக்கமும் கயிறு கோத்து மேலே தூக்கினால் அது கையோடு வரும். அதன் கீழே காணப்படுவதை அழுக்கு என்று ஒரு சொல்லில் கடந்துபோவது ஆய்வு நெறி ஆகாது.

எச்.எஃப்.பிளான்ஃபோர்டு 1862-இல் இப்பகுதியின் கடற்படிவுகளைக் கீழிருந்து மேலாக ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பகுத்தார். பல்சேட்டர்ப் படிவும் மூன்று தொகுதியாகவே பகுபடுவது, மூன்றாகப் பகுக்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்துகொண்டு பார்ப்போர்க்கு மிகத் தெளிவாகத் தெரியும். அடித்தொகுதி: வெள்ளை, கெட்டி, நகத்தால் சுரண்ட வராதது, தூய சுண்ணாம்பு. நடுத்தொகுதி: கரையாத சலவைத்தூளும் பருத்திக்காட்டுக் கரிசலும் மாறி மாறி அமைந்தது. கரிசல் பட்டை தடித்திருந்தால் அது களையெடுப்புக் காலம், மெலிந்திருந்தால் கோடை விடுமுறை. மேல்தொகுதி: நூல், பஞ்சு, தலைமுடி. இது மென்மையானது, வழவழப்பானது, ஒரு வகையான நாற்றம் உடையது.

புதைபொருள்களாக ஊக்கு, சட்டைப் பொத்தான், ஹேர்பின், நாணயம் ஆகியவை கிடைக்கின்றன. ஓர் அடுக்கின் காலத்தைக் காட்டும் சுட்டுப் புதைபொருள் எதுவாக இருக்க வேண்டும் என்பதற்கு நிலவியலில் விதி உண்டு: அது எங்கும் பரவியிருக்க வேண்டும், ஆனால் குறுகிய காலமே வாழ்ந்திருக்க வேண்டும். அம்மோனைட் இவ்விதிக்குப் பொருந்தும். ஊக்கு பொருந்தாது, அது எங்கும் பரவியதுதான், அழிவதாகத் தெரியவில்லை. பேருந்துச் சீட்டு முதல் தண்ணீரிலேயே கூழாகிவிடுவதால் சான்றாகாது. எஞ்சுவது நாணயம். 25 காசு 2011 ஜூன் 30-ஆம் நாளோடு செல்லாததாயிற்று. எனவே 25 காசு கிடைத்த அடுக்கு அந்நாளுக்கு முற்பட்டது என்பது எதிர்வீட்டு உரைகாரர் துணிபு (வாசற்படியில் கூறியது, காய்கறி வண்டி வந்ததால் முற்றுப்பெறாதது). மாடிவீட்டு உரைகாரர் இதை மறுத்து, செல்லாத காசையும் சட்டைப்பையில் வைத்திருக்கும் பெரியவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு என்பார் (சமையலறைச் சன்னல் வழியாக, மூன்றாம் விசிலுக்கும் நான்காம் விசிலுக்கும் இடையில், நான்காம் விசிலுக்குப் பின் வந்த திருத்தத்தில் "எல்லா வீட்டிலும்" என்பது "அந்த வீட்டில்" என மாற்றப்பட்டது). இதற்கு எதிர்வீட்டார் தந்த விடை மொட்டைமாடிக் கொடியில் துணி காயும் நேரத்தில் வாய்மொழியாக வழங்கியது. காற்றில் பாதி போயிற்று. கிடைத்த பாதியில் ஆராய்ச்சி இல்லை.

மேல்தொகுதியில் பழைய ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்று சுருண்டு கிடப்பின் காலக்கணிப்பு எளிது, துயரம் பெரிது. அது 2016 நவம்பர் 8-க்குப் பின் கிடைத்தால் அருங்காட்சியகப் பொருள். அதற்கு முன் கிடைத்திருந்தால் காயவைத்து இஸ்திரி போட்டிருக்கலாம். எவ்வாறாயினும், காலம் கணிப்பதில் ஒரு மரபு எங்கும் பேணப்படுகிறது: தன் வீட்டு மெஷினின் அடுக்கு என்றால் இரண்டாண்டு முன்னே தள்ளுவதும், பக்கத்து வீட்டு அடுக்கு என்றால் இரண்டாண்டு பின்னே இழுப்பதும். இதே மரபு நூற்றாண்டுக் கணக்கில் செய்யப்படும்போது அதற்குப் பதிப்பகமும் பொன்னாடையும் கிடைக்கின்றன.

படிவை நீக்கும் முறை சுருக்கமானது. மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தில் நூறு கிராம் அளவு எடுத்து, துணி போடாமல் தண்ணீரை உச்ச அளவுக்கு நிரப்பி, கலக்கி, ஒரு மணி நேரம் ஊறவிட்டு ஓட்டி, பிறகு வெறுந்தண்ணீரில் ஒருமுறை அலச வேண்டும். நுரைத்து வருவது சுண்ணாம்பிலிருந்து பிரியும் கரியமில வாயு. அமிலத்தோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கவே கூடாது; குளோரின் வாயு கிளம்பும். இவ்விடத்தில் உரை வேறுபாட்டுக்கு இடமில்லை. நூல் வடிகட்டும் பையை ஒவ்வொரு துவைப்புக்குப் பின்னும் உதற வேண்டும் என்று மூலநூல் விதிக்கும். அது கிழிந்து தொங்குவது வழக்கு.

சலவைத்தூள் குறைவாகப் போட வேண்டும். போடுவதில்லை. நுரை மிகுந்தால் அழுக்கு மிகப் போகும் என்னும் கொள்கை விளம்பரங்களால் வளர்ந்தது. மிகுந்த தூள் கரையாமல் நடுத்தொகுதியைத்தான் வளர்க்கும்.

பிழிதல், ஸ்பின் எனப்படும். டிரம் நான்கு கம்பிகளில் தொங்குகிறது. ஒற்றைப் போர்வையை மட்டும் போட்டால் அது தண்ணீர் குடித்து ஒரு பக்கமாகக் குந்தும், டிரம் உடலில் இடிக்கும், மெஷின் நடக்கும். போர்வையோடு இரண்டு துண்டைச் சேர்த்துப் பரப்பிப் போட்டால் நிற்கும். அப்படியும் நடந்தால் தொங்கு கம்பிகளை மாற்ற வேண்டும், நான்கையும் சேர்த்து. ஸ்பின் முடிந்ததும் சட்டைக்கை சேலையையும், சேலை பாவாடை நாடாவையும், நாடா யாருடையதோ பனியனையும் பற்றியிருக்கும். எங்கோ கிடந்த சொல்லை எங்கோ உள்ள சொல்லோடு கொண்டுகூட்டுவதற்கு நச்சினார்க்கினியர் பெயர்பெற்றவர். முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையில் மறைமலையடிகள் அதைக் கடிந்தார். ஸ்பின் செய்யும் கொண்டுகூட்டை இதுவரை யாரும் கடியவில்லை, உட்கார்ந்து பிரிக்கிறார்கள்.

அலசுதல் இரண்டு முறையோ மூன்று முறையோ நடக்கும். ஒரே துணியை மூன்று தண்ணீரில் அலசுவது, ஒரே கட்டுரையை மூன்று கருத்தரங்கில் அலசுவதை விடச் சிக்கனமானது.

மெஷின் தன் குறையைத் தானே இரண்டெழுத்தில் சொல்லும். எல்.ஜி. மெஷின்களில் ஐ-ஈ என்றால் தண்ணீர் வரவில்லை, ஓ-ஈ என்றால் தண்ணீர் போகவில்லை, யூ-ஈ என்றால் பளு ஒரு பக்கம் சாய்ந்துள்ளது, டி-ஈ என்றால் மூடி மூடவில்லை. ஓ-ஈ வந்தால் முதலில் டிரெய்ன் பைப்பைப் பார்க்க வேண்டும். பல மேல்மூடி மெஷின்களில் பம்பு கிடையாது. தண்ணீர் தானாகவே இறங்கிப் போக வேண்டும். பைப்பைத் தூக்கிச் சன்னல் கம்பியில் கட்டிவைத்தால் அது போகாது. மெக்கானிக் உரையில் இந்நான்கு குறிக்கும் ஒரே பொருள்: போர்டு போய்விட்டது. ஒரே கோட்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு சங்கப்பாடல் முதல் நேற்று வந்த சிறுகதை வரை எல்லாவற்றிலும் அதையே காண்போர் பல்கலைக்கழகங்களிலும் உள்ளனர். இரு சாராரும் வந்துபோகும் படி வாங்குவர். போர்டு உண்மையிலேயே போவதும் உண்டு. வலையையும் பைப்பையும் பார்த்த பிறகு அதை நம்பலாம்.

மின்சாரம் நடுவில் போனால் விட்ட இடத்திலிருந்து தொடங்கும் மெஷின் உண்டு. முதலிலிருந்து தொடங்குவதும் உண்டு. அரியலூர் மாவட்டம் 2001-இல் பெரம்பலூரிலிருந்து பிரிந்து, 2002-இல் மீண்டும் அதனுடன் சேர்ந்து, 2007 நவம்பர் 23-இல் மறுபடி பிரிந்தது என்பதால் இரண்டாம் வகை மெஷினின் இயல்பு இப்பகுதியார்க்கு விளக்கத் தேவையில்லை. மோட்டார் முனகிக்கொண்டு சுழலாவிடில் கெபாசிட்டரையும் மின்னழுத்தத்தையும் பார்க்க வேண்டும். கெபாசிட்டரைத் தெரியாதவர் தொடலாகாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதில் மின்சாரம் நிற்கும்.

மூடி: துவைக்காத நேரத்தில் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை.

எலி: அடிவழியே நுழைந்து ஒயரைக் கடிக்கும், அடித்தட்டு போட வேண்டும். அதை மெஷின் வாங்கும்போது யாரும் கேட்பதில்லை.

தட்டுதல்: பயனில்லை, ஆனாலும் எல்லா உரைகளும் ஒருமித்து ஏற்கும் ஒரே மருத்துவம்.

இவற்றுக்கெல்லாம் அடங்காத மெஷின் எக்சேஞ்சில் போகும், அல்லது பழைய இரும்புக் கடைக்குப் போகும். கடையில் இரும்பு தனி, பிளாஸ்டிக் தனி, மோட்டாரின் செம்பு தனி என்று எடை போடுவர். எவர்சில்வர் டிரம்மை மட்டும் வீட்டார் கொடுக்காமல் நிறுத்திக்கொண்டு, செங்கல் மேல் ஏற்றி, வெந்நீர் போட விறகடுப்பாக வைத்துக்கொள்வதுண்டு. அதன் துளைகள் காற்றோட்டத்துக்கு உகந்தவை. இன்லெட் பைப் பரணில் ஏறும். புது மெஷினோடு புதுப் பைப் வரும்.