குலதெய்வம் பேர்ல பாஸ்வேர்டு வைக்கலாமுங்களா?

கேள்வி: ஜிமெயில், பேங்க், ஃபேஸ்புக், ஜிஎஸ்டி எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்டுதானுங்க. குலதெய்வம் பேரு, கூடவே பையன் பொறந்த வருசம். மறக்கவும் மறக்காது, சாமியும் காவலுக்கு நிக்கும். சரிதானுங்களே?
(தறிக்குடோன் உரிமையாளர், கருமத்தம்பட்டி)

பதில்: சாமி காவலுக்கு நிற்கட்டும். ஆனால் அந்தப் பெயர் உங்கள் கூட்டத்தார் அத்தனை பேருக்கும் தெரியுமே! உங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்துப் பாருங்கள். மேலே குலதெய்வம். அதன் கீழே அப்பாரு, ஆத்தா, அப்புச்சி, அமுச்சி பெயர்கள், ஊர், தோட்டத்தின் பெயர். கடைசியில் செல்போன் நம்பர். பையன் பிறந்த வருடம் ஃபேஸ்புக்கில், கேக் வெட்டிய படத்தோடு. உங்கள் கணக்கைத் திறக்கத் தேவையான அத்தனை விவரத்தையும் மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்கு வைத்து, வீடு வீடாகக் கொடுத்தாகிவிட்டது.

'அம்மா பிறந்த ஊர் எது?' போன்ற பாதுகாப்புக் கேள்விகளுக்கும் பதில் அந்தப் பத்திரிகையிலேயே இருக்கிறது. 2008-இல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினின் யாகூ மின்னஞ்சலை ஒரு கல்லூரி மாணவர் இப்படித்தான் திறந்தார். பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு, கணவரைச் சந்தித்த இடம் எல்லாம் இணையத்தில் தேடினாலே கிடைத்தன. அந்தக் கேள்விகளுக்கு அரிச்சந்திரனாக இருக்கத் தேவையில்லை. அம்மா பிறந்த ஊர் 'தேங்காய்நார்' என்று எழுதுங்கள். எழுதியதைக் குறித்து வையுங்கள்.

குலதெய்வத்தை விடப் பெரிய ஆபத்து, 'எல்லாத்துக்கும் ஒரே' என்று சொன்னீர்களே, அதில் இருக்கிறது. திருடன் உங்களை நினைத்து உட்கார்ந்து யூகிப்பதில்லை. எங்கோ ஒரு தளத்திலிருந்து கசிந்த பட்டியலை வாங்கி, அதே மின்னஞ்சல், அதே பாஸ்வேர்டு வேறு எங்கெல்லாம் திறக்கிறது என்று கம்ப்யூட்டரை விட்டுத் தட்டிப் பார்க்கிறான். 2012-இல் லிங்க்டுஇன் தளத்தில் திருடியவை 2016-இல் விற்பனைக்கு வந்தன. அந்த ஆண்டே மார்க் ஸக்கர்பர்க்கின் ட்விட்டர், பின்டரெஸ்ட் கணக்குகள் கைமாறின. லிங்க்டுஇன்னில் அவர் வைத்திருந்த பாஸ்வேர்டு 'டாடாடா' என்று செய்தி வந்தது. ஃபேஸ்புக்கையே உருவாக்கியவருக்கு அந்தக் கதி.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற மலைப்பாக இருந்தால் ஜிமெயிலில் ஆரம்பியுங்கள். மற்ற இடங்களில் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அமுக்கினால் மாற்றும் வழி அங்கேதான் போய் விழுகிறது. அதைப் பிடித்தவன் மற்றதையெல்லாம் பிடித்துவிடுவான். அதற்குத் தனிப் பாஸ்வேர்டு, அதோடு இரண்டடுக்குச் சரிபார்ப்பு. அடுத்து பேங்க். ஃபேஸ்புக் நாளைக்கு ஆகட்டும்.

கேள்வி: பிறகு எப்படித்தான் வைப்பது? பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி என்று கேட்டே சாகடிக்கிறார்கள்.
(கல்லூரி மாணவி, வாகராயம்பாளையம்)

பதில்: நீளம்தான் பலம். ஆங்கிலச் சின்ன எழுத்து ஆறை வைத்து எத்தனை விதமாக அடுக்கலாம் தெரியுமா? சுமார் 31 கோடி விதம். கம்ப்யூட்டருக்கு அது ஒரு வாய் காபி. 7,776 சொற்கள் உள்ள பட்டியலிலிருந்து, மனசுக்குப் பிடித்ததை எடுக்காமல் தாயம் உருட்டுவது போலக் கண்ணை மூடி நான்கு சொல் எடுத்தால், 36 கோடி கோடிக்கும் மேல். ஐந்து பகடை உருட்டினால் எத்தனை விதமாக விழுமோ அதுதான் அந்த 7,776. 1995-இல் ஆர்னால்டு ரெயின்ஹோல்டு என்ற அமெரிக்கர் சொன்ன வழி இது. தமிழ்ச் சொற்களையே ஆங்கில எழுத்தில் அடிக்கலாம்: 'அகப்பை ரயில்கேட் மிளகாய் பனியன்'. அச்சில் வந்துவிட்டதால் இதை மட்டும் வைக்காதீர்கள். எண்ணும் குறியும் கேட்டால் நடுவில் ஒன்றைச் செருகுங்கள்.

இப்படி ரெண்டு மூன்று மனப்பாடம் செய்தால் போதும். மற்றவற்றைப் பாஸ்வேர்டு மேனேஜர் பார்த்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டு போனில் கூகுளுடையது, ஐபோனில் ஆப்பிளுடையது கூடவே வருகிறது. தனியாக வேண்டுமென்றால் பிட்வார்டன் இலவசம். அதில் இன்னொரு நன்மை உண்டு. பேங்க் போலவே ஜோடித்த போலித் தளத்துக்குப் போனால் அது பாஸ்வேர்டை நிரப்பாது. நம் கண் ஏமாறும், அது முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்க்கும். இந்திய வங்கிகள் தங்கள் தளங்களை 2025 அக்டோபர் 31-க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' முகவரிக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கெடு வைத்தது. தளப் பெயரின் கடைசியில் அது இருக்கிறதா என்று பார்க்கப் பழகுங்கள்.

கேள்வி: அப்பா எல்லாப் பாஸ்வேர்டையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். காலம் எங்கே போகிறது, இவர் எங்கே இருக்கிறார்?
(மகன், சாமளாபுரம்)

பதில்: அப்பா சரியாகத்தான் இருக்கிறார். ரஷ்யாவில் உட்கார்ந்திருக்கும் திருடன் உங்கள் வீட்டுப் பீரோவைத் திறக்க முடியாது. பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள் என்று பாதுகாப்பு நிபுணர் புரூஸ் ஷ்னையர் 2005-லேயே சொன்னார். நோட்டு பீரோவில், நிலப் பத்திரத்தோடு இருந்தால் அப்பாவுக்கு ஒரு கும்பிடு. டேபிள் கண்ணாடிக்கு அடியிலோ காலண்டர் தாளிலோ இருந்தால் இடத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆபீஸில் மாதாமாதம் பாஸ்வேர்டை மாற்றச் சொல்கிறார்கள். நான் ஜனவரி ஒன்று, பிப்ரவரி இரண்டு என்று வைக்கிறேன்.
(பில் போடுபவர், தெக்கலூர்)

பதில்: எல்லா ஊரிலும் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்; திருடனுக்கும் மாதக் கணக்குத் தெரியும். இந்த வழக்கம் 2003-இல் அமெரிக்காவின் நிஸ்ட் என்ற தர நிர்ணய நிறுவனத்துக்காக பில் பர் எழுதிய வழிகாட்டியிலிருந்து பரவியது. தான் எழுதியதில் பெரும்பகுதிக்கு வருந்துவதாக 2017-இல் அவரே பேட்டி கொடுத்தார். நிஸ்ட்டும் அந்த ஆண்டே காரணமில்லாமல் மாற்றச் சொல்லும் வழக்கத்தைக் கைவிட்டது. கசிந்தது என்று தெரிந்தால் மாற்றுங்கள், வேலையை விட்டு ஒருவர் போனால் மாற்றுங்கள். உங்கள் முதலாளியிடம் இந்தப் பக்கத்தைக் காட்டலாம்.

கேள்வி: பாஸ்வேர்டைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார்?
(வாசகர், சூலூர்)

பதில்: 1960-களின் தொடக்கத்தில் எம்ஐடியில் பலர் சேர்ந்து பயன்படுத்திய கம்ப்யூட்டருக்கு அதை வைத்தவர் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ. 1962-லேயே ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தனக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை என்று பாஸ்வேர்டு பட்டியல் முழுவதையும் அச்சடித்து எடுத்துவிட்டார். பூட்டும் திருட்டும் இரட்டைப் பிள்ளைகள்.

கேள்வி: எங்க ஜிஎஸ்டி லாகின், இ-வே பில் லாகின் எல்லாம் கணக்கு எழுதறவர்கிட்டயும் ஆபீஸ் பையன்கிட்டயும் இருக்குதுங்க. இருபது வருசப் பழக்கம். இப்பப் போய் பாஸ்வேர்டைக் கேட்டா, 'என்னை நம்பலையா'ன்னு மனசு சங்கடப்படுவாங்க.
(காடா துணி உற்பத்தியாளர், சோமனூர்)

பதில்: வந்த கேள்விகளில் இதுதான் முக்கியமானது. நம் வட்டாரத்தில் தொழில் நடப்பதே வாய்ச்சொல்லில். பாவு நூலையும் ஊடை நூலையும் கொடுத்து விடுகிறோம், தறிக்காரர் கூலிக்கு நெய்து துணியாகத் திருப்பித் தருகிறார். அந்த நம்பிக்கைக்கு நடுவில்கூட மீட்டர் அளந்து சீட்டுப் போடுகிறோம். அதனால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஆளுக்கொரு லாகின் என்பது அந்தச் சீட்டு மாதிரிதான். நாளைக்கு ஒரு தப்பான பில் போனால், 'நீயா நானா' என்ற பேச்சே வராமல் உங்கள் ஆபீஸ் பையனைக் காப்பாற்றுவதும் அதுதான்.

வழி அரசுத் தளத்திலேயே இருக்கிறது. இ-வே பில் தளத்தில் உங்கள் லாகினுக்குக் கீழே துணைப் பயனர்களைச் சேர்க்கலாம். பையனுக்கு அவன் பெயரில், அவன் செல்போனுக்கு ஓடிபி வருமாறு. அவன் வேலை மாறிப் போனால் அதை மட்டும் முடக்கினால் போதும். 2025 ஏப்ரல் 1 முதல் அங்கே இரண்டடுக்குச் சரிபார்ப்பு எல்லாருக்கும் கட்டாயமாகிவிட்டது; ஓடிபி அவனுக்கே வந்தால், 'ஓடிபி சொல்லுங்கண்ணா' என்று லாரி நிற்கும்போதெல்லாம் போன் போடும் தொல்லையும் போகும். கணக்கு எழுதுபவர் பதிவு பெற்ற ஜிஎஸ்டி பிராக்டிஷனராக இருந்தால், ஜிஎஸ்டி தளத்தில் அவரை உங்கள் சார்பாக நியமிக்கலாம். அவர் தன் சொந்த லாகினிலேயே உங்கள் ரிட்டர்னைத் தயார் செய்வார்.

அதற்கு முன்னால் ஒன்றைப் பாருங்கள்: உங்கள் ஜிஎஸ்டி பதிவில் இருக்கும் மின்னஞ்சலும் செல்போனும் யாருடையது? 2017-இல் அவசர அவசரமாகப் பதிவு செய்தபோது, நாடு முழுவதும் பலருக்குப் பதிவு செய்து கொடுத்தவர்கள் தங்கள் நம்பரையே போட்டுவிட்டார்கள். பிறகு விவரத்தைத் தர மறுக்கிறார்கள் என்று புகார் குவிந்து, 2018-இல் மத்திய நிதி அமைச்சகம் தனியாக ஒரு வழியையே அறிவித்தது: உரிய ஆவணங்களோடு உங்கள் வட்டார வரி அதிகாரியிடம் போனால் அவர் மாற்றித் தருவார். உங்கள் தொழிலின் சாவி இன்னொருவர் பாக்கெட்டில் இருக்கக் கூடாது, அவர் தங்கமான மனுசராகவே இருந்தாலும். அவர் போன் தொலைந்தால்?

கேள்வி: 'இன்னிக்கு ராத்திரி 9.30-க்கு கரண்ட் கட்' என்று மெசேஜ் வந்தது. தறி நின்னுடுமேன்னு பதறிட்டேனுங்க.
(விசைத்தறிக்காரர், மங்கலம்)

பதில்: பதற வைக்கத்தான் அப்படி அனுப்புகிறார்கள். 2022 முதல் சுற்றும் மோசடி இது, மின்வாரியமே எச்சரித்தது. அதிலுள்ள நம்பருக்குக் கூப்பிட்டால், மரியாதையாகப் பேசி ஒரு ஆப்பை இறக்கச் சொல்வார்கள். உங்கள் போன் திரையை அவர்களுக்கு அப்படியே காட்டும் ஆப் அது. பிறகு 'வெறும் பத்து ரூபாய் கட்டுங்கள்' என்பார்கள். நீங்கள் அடிக்கும் எண் ஒவ்வொன்றும் அங்கே தெரியும். எவ்வளவு கெட்டியான பாஸ்வேர்டும் இந்த இடத்தில் உதவாது. பில் பாக்கி என்ற சந்தேகம் இருந்தால், உங்களுக்குத் தெரிந்த செக்‌ஷன் ஆபீஸ் நம்பருக்குப் போடுங்கள். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பும் இதே வகை. பத்திரிகை படமாகவோ பிடிஎஃபாகவோதான் வரும். போனில் ஏறி உட்கார அனுமதி கேட்காது.

கேள்வி: 'ஆறு எண் உனக்குத் தப்பா வந்திருக்கு, அனுப்பு' என்று சித்தப்பா வாட்ஸ்அப்பில் கேட்கிறார். அனுப்பலாமா?
(வாசகி, காரணம்பேட்டை)

பதில்: சித்தப்பாவுக்குச் சாதாரண போன் போட்டுப் பேசுங்கள். அவர் கணக்கு ஏற்கெனவே போயிருக்கும், அடுத்தது உங்களுடையது. இப்போதே வாட்ஸ்அப் செட்டிங்ஸில் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு, ஆறு இலக்கப் பின் வையுங்கள். வண்டி நம்பர் வேண்டாம்.

கேள்வி: பணம் போயிடுச்சுங்க. வெளியில சொன்னா மானம் போயிருமேன்னு வீட்லகூடச் சொல்லல.
(பெயர் வேண்டாம், அவிநாசி)

பதில்: மானம் திருடியவனுக்குத்தான் போக வேண்டும். இந்த வரியைப் படித்ததும் 1930-க்குக் கூப்பிடுங்கள், உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள், சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் புகாரைப் பதியுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிக்கொண்டே இருக்கும். சீக்கிரம் சொன்னால் நடுவில் எங்காவது முடக்க வழியுண்டு. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதிப்படி, ஓடிபியை நாமே சொல்லிப் போன பணம் நம் தலையில். ஆனால் வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு. நம் மீதும் வங்கி மீதும் தப்பில்லாமல் வேறெங்கோ நடந்த கோளாறு என்றால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் நமக்கு நஷ்டமே இல்லை. வீட்டிலும் சொல்லுங்கள். அதே ஆள் அடுத்து உங்கள் மனைவிக்கோ பிள்ளைக்கோ போன் போடக்கூடும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் போன வருசம் தவறிட்டார். அவர் போன்ல பேரனோட படமெல்லாம் இருக்குது. திறக்க முடியல.
(வாசகி, கணியூர்)

பதில்: மனசு கனக்கிறது அம்மா. படங்கள் அவருடைய கூகுள் கணக்கிலும் ஏறியிருந்தால் ஒரு வழி உண்டு: கூகுளில் இறந்தவரின் கணக்குக்கென்று ஒரு விண்ணப்பம் இருக்கிறது. இறப்புச் சான்றிதழோடு பிள்ளைகளை விட்டு அனுப்பச் சொல்லுங்கள். அவர்கள் பரிசீலித்துத்தான் முடிவு செய்வார்கள். ஆனாலும் தள்ளிப் போடாதீர்கள், இரண்டு வருடம் தொடாமல் கிடக்கும் கணக்கை கூகுள் நீக்கலாம்.

மற்றவர்களுக்கு: கூகுள் கணக்கில் 'இனாக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்' என்று ஒன்று 2013 முதல் இருக்கிறது. இத்தனை மாதம் நான் வராவிட்டால் இன்னாருக்குத் திறந்து கொடு என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். பேங்க் பணத்துக்குப் பாஸ்வேர்டு வழியல்ல, நாமினிதான் வழி. 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை போடலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை தறி நிற்கும் நேரத்தில் கணவனும் மனைவியும் உட்கார்ந்து இந்த இரண்டையும் முடித்துவிடுங்கள். போனைத் திறக்கும் பின் நம்பரை மூடிய கவரில் போட்டு, பீரோவில் அந்த நோட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள்.