எல்லோரும் தாண்டிப் போகிற ஊர்

சென்னையிலிருந்து தெற்கே போகிறவர்களில் பெரும்பாலானோர் திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் தாண்டித்தான் போகிறார்கள். ஒரு காலத்தில் இந்த இரண்டு ஊரிலும் வண்டி நின்றது. பேருந்து திண்டிவனம் நிலையத்துக்குள் நுழைந்ததும் மல்லாட்டையும் வெள்ளரிப் பிஞ்சும் கொய்யாவும் ஜன்னலைத் தேடி வரும். மீட்டர் கேஜ் ரயில் விழுப்புரம் சந்திப்பில் நிற்கும் நேரத்துக்குள் தண்ணீர் பிடித்து, சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கி, காலாறவும் நடந்துவிடலாம். இறங்க நேரம் இருந்தது. இறங்கினால் பார்க்க என்ன இருக்கிறது என்று சொல்லத்தான் யாரும் இல்லை.

இன்று சொல்வதற்கு உலகமே வந்துவிட்டது. செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. கழுவேலி ஏரி, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இருக்கிறது. ஆனால் சாலை ஊருக்குள் வராமலே போய்விடுகிறது. சுங்கச்சாவடியில் சில நொடி, அடுத்து உளுந்தூர்பேட்டை. அன்று நின்றவர்களுக்குத் தெரியவில்லை. இன்று தெரிந்துகொள்ளக்கூடியவர்கள் நிற்பதில்லை. இந்த முரண் என்னை நெடுநாளாக உறுத்துகிறது.

1993 செப்டம்பர் 30 அன்று தென்னாற்காடு மாவட்டத்தைப் பிரித்து விழுப்புரம் மாவட்டத்தை உருவாக்கினார்கள். அந்த அக்டோபரில் வேலை மாற்றலாகி இங்கே வந்தவர்களில் நானும் ஒருவன். தஞ்சாவூர்ப் பக்கத்து வாய்க்காலும் வயலும் பார்த்துப் பழகியவனுக்கு இந்த மண் பிடிபடவில்லை. பனைமரம், மழைக்குக் காத்திருக்கும் வறண்ட ஏரி, களத்து மேட்டில் நெல்லைக் குவித்த மாதிரி பாறைகளைக் குவித்த குன்று. வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். வந்த முதல் வார விடுமுறையில் என்னைப் பார்த்து, “பாண்டிக்குக் கிளம்பிடாதீங்க தம்பி. ஆத்தோட போங்க. செஞ்சி மலையில பொறந்து திருவக்கரை வழியா கடலுக்குப் போகுது. அது காட்டுற வழியில போனா இந்த மண்ணு புரியும்” என்றார்.

அவர் சொன்னது சங்கராபரணி ஆறு. வராக நதி என்றும் செஞ்சி ஆறு என்றும் அதற்குப் பெயர்கள் உண்டு. செஞ்சிக்கு அருகே பாக்கம் மலையில் தோன்றி, வீடூர் அணையில் தேங்கி, புதுச்சேரிப் பக்கம் கடலில் சேர்கிறது.

சனிக்கிழமை காலை செஞ்சிப் பேருந்தில் ஏறி, வழியில் மண்டகப்பட்டில் இறங்கினேன். ஒரே பாறையில் குடைந்த கோயில். வாசலின் இரு பக்கமும் வாயிற்காவலர் சிற்பங்கள். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்தது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு விசித்திரசித்தன் எடுப்பித்த கோயில் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது. விசித்திரசித்தன் என்பது மகேந்திரனின் பட்டப்பெயர். மாமல்லபுரத்தில் கூட்டம் கூட்டமாக நின்று வியக்கும் பல்லவக் கல்வேலைக்கு முன்னோடி இங்கே, வயல்களுக்கு நடுவே இருக்கிறது. அன்று அங்கே நானும் சில ஆடுகளும்தான்.

அங்கிருந்து செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகளைச் சுற்றி வளைத்து மதில் ஓடுகிறது. ராஜகிரி சுமார் 800 அடி. பேருந்து நடத்துநர் முதல் சீத்தாப்பழம் விற்ற அம்மா வரை எல்லோரும் எனக்கு ஒரே கதையைத்தான் சொன்னார்கள்: 1714இல் ஆற்காட்டு நவாபை எதிர்த்து மடிந்த இளைஞன் தேசிங்கு ராஜனின் கதை. கோட்டையின் மற்ற வரலாற்றைப் பின்னர் புத்தகங்களில்தான் படித்தேன். 1677இல் சிவாஜி இதைப் பிடித்தார். அவர் மகன் ராஜாராம் இதற்குள் இருந்துகொண்டே முகலாயப் படையின் நெடிய முற்றுகையைச் சமாளித்தார். 1698இல் கோட்டை முகலாயர் கைக்குப் போயிற்று. 1750இல் பிரெஞ்சுக்காரர்கள், 1761இல் ஆங்கிலேயர்கள்.

மலை உச்சியில் நின்றபோதுதான் வீட்டுக்காரர் சொன்னது புரிந்தது. காலடியில் இருப்பது இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பாறை. கீழே ஏரிக்குப் பின் ஏரி. காவிரி போல ஒரு பேராறு இல்லாத ஊரில், பெய்கிற மழையை அடுக்கடுக்காகப் பிடித்து வைத்துத்தான் மனிதர்கள் பிழைத்திருக்கிறார்கள். வறட்சி என்று நான் நினைத்தது மழைக்கு முந்தைய மாதம், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மயிலம் வழியாகத் திருவக்கரை. வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் பௌர்ணமிதோறும் பெருங்கூட்டம் வரும். ஊரை ஒட்டியே கல்மரங்கள் கிடக்கின்றன. சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த மரங்கள் அவை. கிளையோ வேரோ இலையோ இல்லாமல் அடிமரம் மட்டுமே கிடப்பதிலிருந்து, அவை வேறெங்கோ வளர்ந்து இங்கே வந்து சேர்ந்தவை என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள். மணலில் புதைந்து காற்றுப் படாததால் மக்கவில்லை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் நுண்ணறைகளில் சிறுகச் சிறுகப் படிந்து, மரம் இருந்த இடத்தில் கல் உட்கார்ந்தது. வளையங்களும் கணுக்களும் அப்படியே தெரிகின்றன. பிரெஞ்சு இயற்கையியலர் சோனராட் 1781இலேயே இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தேசியப் புவியியல் சின்னம் இது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒரு மரத்தைக் காட்டி, “தட்டிப் பாருங்க சார், கல்லுதான்” என்றார். தட்டினேன். இங்கே கிடக்கும் மரங்களில் புளியின் குடும்பத்தைச் சேர்ந்தவையும் உண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன். திண்டிவனம் சாலையின் இரு பக்கமும் நிழல் தந்த புளியமரங்கள் நான்கு வழிச் சாலைக்காகப் போய்விட்டன. அவற்றின் பழைய உறவுகள் இங்கே கல்லாய்க் கிடப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

சமீபத்தில் என் அண்ணன் மகன் வேலை கிடைத்துத் திண்டிவனத்துக்குக் குடும்பத்தோடு குடிவந்தான். முதல் சனிக்கிழமையே, “சித்தப்பா, இங்க பாக்க என்ன இருக்கு? பாண்டிக்கே போயிடலாமா?” என்று கேட்டான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன். அவன் கைப்பேசியில் எல்லாத் தகவலும் இருக்கிறது; இரு ஆண்டுகளில் வந்த இரண்டு செய்திகளையும் அவன் படித்திருக்கிறான். 2024 ஆகஸ்டில் கழுவேலி ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. 2025 ஜூலையில் மராட்டியரின் போர்க்கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ ஏற்றது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று செஞ்சி. ஆனால் அவை தன் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கின்றன என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

மரக்காணத்தை ஒட்டிய கழுவேலிக்கு அவர்களை அழைத்துப் போனேன். கடல்நீரும் மழைநீரும் கலக்கும் பரந்த ஆழமற்ற ஏரி. வலசைப் பறவைகளுக்கு இது மத்திய ஆசியப் பறக்கும் பாதையில் ஒரு தங்குமிடம். 2021இல்தான் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். நான் இந்த மாவட்டத்துக்கு வந்த நாளில் அதற்கு எந்தக் காப்பும் கிடையாது. மீன் பிடித்தவர்களும் மாடு மேய்த்தவர்களும் மட்டுமே அதன் அருமையை அறிந்திருந்தார்கள். பட்டங்கள் வந்ததில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. வரப்பில் நின்று பேரனோடு நாரைகளைப் பார்த்தபோது அந்த மகிழ்ச்சி இரட்டிப்பானது.

ஆனாலும் கேட்கத் தோன்றுகிறது. விழுப்புரத்துப் பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா என்று தொலைதூரம் அழைத்துப் போகிறோம். திருவக்கரைக்கு ஏன் அழைத்துப் போவதில்லை? மண்டகப்பட்டில் இறங்க நினைக்கும் ஒருவருக்கு நெடுஞ்சாலையில் நல்ல வழிகாட்டிப் பலகையாவது வைக்கலாம் அல்லவா? ராஜகிரி ஏறுகிற பிள்ளைக்கு ஏரிகளின் கதையையும் யாராவது சொல்ல வேண்டாமா?

இங்கே புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு வீட்டுக்காரர் எனக்குச் சொன்னதையே சொல்கிறேன். ஆற்றோடு போங்கள். முதல் நாள் மண்டகப்பட்டும் செஞ்சியும். மறுநாள் திருவக்கரை. பருவமழை முடிந்ததும் கழுவேலி. வெயிலுக்கு முன் கிளம்புங்கள், தண்ணீரை மறக்காதீர்கள், கல்மரத்தில் ஒரு சில்லைக்கூட எடுக்காதீர்கள். பாறையை உடைக்கும் குவாரிகளும் ஏரியைத் தூர்க்கும் குப்பையும் இந்த வட்டாரத்தில் உண்டு. யுனெஸ்கோவும் ராம்சரும் தரும் பட்டம் அதைத் தடுக்க உதவும். ஆனால் லாரி ஏரிக்கரையில் வந்து நிற்கும் நாளில் எதிரே போய் நிற்க வேண்டியவர் இங்கே குடியிருப்பவர்தான். அந்த ஏரி தன்னுடையது என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.